ஃப்ரீமேசன் சடங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ஃப்ரீமேசன் என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பது இலுமினாட்டி வீடியோக்கள்தான். சடங்கு நடக்கும் அறைக்குள் என்ன பேசுகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு. நான் உறுப்பினர் கிடையாது, இந்தச் சடங்குகளின் வரலாற்றை விரும்பிப் படிப்பவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சடங்குகள் மனிதர்களை உண்மையாகவே மாற்றக்கூடிய அளவுக்கு நன்றாகக் கட்டப்பட்டவை. ஆனால் அந்தச் சடங்குகள் சொல்லும் பாடத்தைச் சங்கமே பலமுறை காற்றில் பறக்கவிட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஃப்ரீமேசன்கள் என்பவர்கள் யார்?

கல்தச்சர்களின் கருவிகளையும் தொழில் மரபையும் எடுத்துக்கொண்டு, அவற்றை வைத்து ஒழுக்கப் பாடம் நடத்தும் ஒரு சகோதரச் சங்கம். மூலமட்டமும் (செங்கோணம் பார்க்கும் கருவி) கவராயமும்தான் இவர்களுடைய சின்னம். கூடும் குழுவுக்கும் இடத்துக்கும் லாட்ஜ் என்று பெயர், பல லாட்ஜ்களுக்கு மேலே ஒரு கிராண்ட் லாட்ஜ் இருக்கும். உலகம் முழுவதையும் ஆளும் ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டு கிராண்ட் லாட்ஜும் தனி அதிகாரம் கொண்டது. ஒன்றை ஒன்று அங்கீகரிக்காமல் நூறாண்டுக்கு மேல் முறைத்துக்கொண்டிருக்கும் கிராண்ட் லாட்ஜ்களும் உண்டு.

எப்போது தொடங்கியது? சாலமோன் ராஜா காலத்திலேயே இருந்ததாமே?

சாலமோன் கதை சடங்குக்குள் வரும் கதை, அதை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆவணம் என்று பார்த்தால், ஸ்காட்லாந்தில் எடின்பரோ கல்தச்சர் லாட்ஜின் கூட்டக் குறிப்புகள் 1599 முதல் கிடைக்கின்றன. கல் வேலையே தெரியாத கனவான்களும் மெல்ல மெல்ல அந்த லாட்ஜ்களில் சேரத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் எலியாஸ் ஆஷ்மோல் என்ற அறிஞர் 1646 அக்டோபரில் வாரிங்டன் ஊரில் தான் ஃப்ரீமேசன் ஆனதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது சங்கம் சொல்லும் வரலாறு. அது உண்மையில் 1721இல் நடந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல் அச்சாகிவிட்டது.

சேருவதற்கு என்ன நிபந்தனை?

வயது வந்தவராக, நல்ல பெயர் உள்ளவராக இருக்க வேண்டும், ஏதோ ஒரு பரம்பொருளை நம்ப வேண்டும். எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். பிரான்சில் கிராண்ட் ஓரியண்ட் என்ற தலைமை அமைப்பு 1877இல் இந்தக் கடவுள் நிபந்தனையை எடுத்துவிட்டது. இங்கிலாந்துக்காரர்களுடன் அவர்களுக்கு இருந்த உறவு அதோடு முறிந்தது.

அப்புறம் வாக்கெடுப்பு. ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளைக் குண்டு அல்லது கறுப்புக் குண்டு போடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. சில லாட்ஜ்களில் ஒரே ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடி.

முதல் சடங்கில் உண்மையில் என்ன நடக்கிறது?

நாட்டுக்கு நாடு விவரம் மாறும். இங்கிலாந்து முறையைச் சொல்கிறேன், இந்தியாவிலும் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் நடக்கிறது.

வெளியே ஒரு சிறு அறையில் புதியவரைத் தயார் செய்கிறார்கள். பணம், மோதிரம், கைக்கடிகாரம் என்று உடம்பில் இருக்கும் உலோகம் அத்தனையும் வாங்கி வைக்கப்படும். வலது கை, இடது மார்பு, இடது முழங்கால் ஆகியவற்றின் மேலிருக்கும் துணியை விலக்குவார்கள், ஒரு காலில் செருப்பு. கண்ணைக் கட்டுவார்கள், கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறு. கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்பவர் டைலர் எனப்படும் காவலர். கதவு தட்டப்படும், உள்ளிருந்து யார் என்று கேள்வி வரும். இருட்டில் இருக்கும் ஓர் ஏழை, வெளிச்சம் தேடி வந்திருக்கிறார் என்ற பொருளில் பதில் போகும். உள்ளே கால் வைத்ததும் கூர்மையான ஒரு முனை நெஞ்சில் படும். அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தால் குத்தும், பயந்து பின்வாங்கினால் கயிறு இழுக்கும் என்று பிறகு விளக்குவார்கள்.

கண்கட்டோடு அறையைச் சுற்றி நடத்திப் போவார்கள். ஒவ்வொரு அதிகாரியின் முன்னாலும் நின்று, தான் சுய விருப்பத்தில்தான் வந்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். கடைசியில் மண்டியிட்டு, தன் மதத்தின் வேதநூல் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கிறார். இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று லாட்ஜின் தலைவரான மாஸ்டர் கேட்பார். வெளிச்சம் என்பதுதான் பதில். எல்லோரும் ஒரே சமயத்தில் கை தட்டும் அந்த நொடியில் கண்கட்டு அவிழும். கண்ணில் முதலில் படுவது வேதநூலும் அதன் மேல் வைத்திருக்கும் மூலமட்டமும் கவராயமும்தான்.

அதன் பிறகு வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனை இடுப்பில் கட்டுவார்கள். ராஜா ஆனாலும் குமாஸ்தா ஆனாலும் முதல் நாளில் அதே வெற்று வெள்ளை ஏப்ரன்தான்.

உலோகத்தை ஏன் பறிக்கிறார்கள்?

மொத்தச் சடங்கிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏப்ரன் கட்டியதும் புதியவரை அறையின் வடகிழக்கு மூலைக்குக் கூட்டிப்போய் நிறுத்துவார்கள். பெரிய கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டும் மூலை அது. தர்மத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சரி, இங்கே இருக்கும் ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அவர் சட்டைப்பையைத் தடவுவார். ஒன்றும் இருக்காது, எல்லாவற்றையும் வெளியிலேயே வாங்கிவிட்டார்களே. வந்திருப்பவர் பெரிய வியாபாரியாகவோ நீதிபதியாகவோ இருக்கலாம், கையில் ஒரு காசு கிடையாது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் சிவந்துவிடும். கொஞ்சம் அப்படியே நிற்கவிட்டு, பிறகு மாஸ்டர் சொல்வார்: உங்களைச் சங்கடப்படுத்த இதைக் கேட்கவில்லை, வாழ்க்கையில் என்றாவது கஷ்டத்தில் இருப்பவர் ஒருவர் உங்களிடம் கை நீட்டினால், கையில் ஒன்றுமில்லாமல் நீங்கள் இங்கே நின்ற இந்த நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழ்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்யலாம். இவர்கள் இரண்டு நிமிடம் ஒருவரை ஏழையாக நிற்க வைக்கிறார்கள். இதை யோசித்து அமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

ரகசியத்தை வெளியே சொன்னால் கழுத்தை அறுப்போம் என்று சத்தியம் வாங்குவார்களாமே?

அந்த வாசகம் உறுதிமொழியில் இருந்தது உண்மை. தொண்டை அறுபடும், நாக்கு பிடுங்கப்படும் என்றெல்லாம் வரும். கற்பனைத் தண்டனைதான், யாரும் நிறைவேற்றுவதற்காக வைத்ததில்லை என்பது அவர்கள் விளக்கம். ஆனாலும் கடவுள் பெயரில் எடுக்கும் உறுதிமொழிக்குள் இப்படி ஒன்று எதற்கு என்ற எதிர்ப்பு உள்ளேயே கிளம்பி, 1986இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அதை உறுதிமொழியிலிருந்து நீக்கியது. அது சரியான முடிவு. இன்னும் நூறாண்டு முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பேன்.

காரணம் இருக்கிறது. 1826இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்தார். சின்னக் கடன் வழக்கு ஒன்றில் அவரைச் சிறையில் வைத்தார்கள். யாரோ பணம் கட்டி வெளியே எடுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள், அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. கடத்தலில் ஈடுபட்ட ஃப்ரீமேசன்கள் சிலருக்குக் கிடைத்ததோ சிறு சிறு தண்டனைகள்தான். கோபமடைந்த மக்கள் ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி என்று ஓர் அரசியல் கட்சியையே தொடங்கினார்கள், 1832 அதிபர் தேர்தலில் அது வெர்மாண்ட் மாநிலத்தில் வென்றது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் லாட்ஜ்கள் மூடப்பட்டன. வெறும் குறியீடு என்று சொல்லிக்கொண்டிருந்த வாசகத்தை யாரோ சிலர் நிஜமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

இரண்டாவது டிகிரியில் என்ன?

டிகிரி என்பது உறுப்பினர் ஏறும் படி. முதல் டிகிரியில் பயிற்சிக்காரர், இரண்டாவதில் தேர்ந்த தொழிலாளி, மூன்றாவதில் மாஸ்டர் மேசன். இரண்டாவது கொஞ்சம் அமைதியானது, படிப்பைப் பற்றியது: இலக்கணம், கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று பழைய ஐரோப்பியக் கல்வியின் ஏழு கலைகளையும் கற்கச் சொல்கிறது. மூலமட்டம், தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் மட்டம், தூக்குக்குண்டு மூன்றும் கொடுக்கப்படும். மூலமட்டம் நடத்தைக்கு, தூக்குக்குண்டு நேர்மைக்கு. மட்டம் எதற்கென்றால், எல்லோரும் சமம் என்பதற்கு. இந்த மட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரவேண்டியிருக்கிறது.

மூன்றாவது டிகிரியில் புதியவரைக் கொல்வது போல நடிப்பார்களாமே?

ஆமாம். பைபிளில் சாலமோன் கோயிலுக்கு வெண்கல வேலை செய்ய தீர் நாட்டிலிருந்து வந்த ஹீராம் என்ற கைவினைஞர் வருகிறார். பைபிளில் அவர் கொலை செய்யப்படுவதில்லை. ஃப்ரீமேசன் கதையில் அவர் தலைமைக் கட்டடக் கலைஞர், ஹீராம் அபிஃப். மாஸ்டர்களின் ரகசியச் சொல்லைத் தகுதி வரும் முன்பே கேட்டு மூன்று தொழிலாளிகள் மூன்று வாசல்களில் அவரை மறிக்கிறார்கள். அவர் மூவருக்கும் மறுக்கிறார். முதல் வாசலில் ஓர் அடி, இரண்டாவதில் ஓர் அடி, மூன்றாவது வாசலில் கனமான சுத்தியல் நெற்றியில் இறங்குகிறது.

இந்த நாடகத்தில் ஹீராமாக நிற்பவர் புதியவரே. விளக்குகளைக் குறைத்திருப்பார்கள். அவரைக் கீழே சாய்த்துப் படுக்க வைத்துத் துணியால் மூடுவார்கள். தேடி வருபவர்கள் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள், முதல் பிடி நழுவும், இரண்டாவது பிடியும் நழுவும். மூன்றாவது தடவை மாஸ்டரே வந்து காலோடு கால், முழங்காலோடு முழங்கால், நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, முதுகில் கை கொடுத்து எழுப்புகிறார். சாவைப் பற்றி யோசி என்று நேரடியாகச் சொல்லும் இடம் இது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஹீராமின் சாவோடு உண்மையான ரகசியச் சொல் தொலைந்துபோனது என்கிறது கதை. புதியவருக்குக் கிடைப்பது அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட மாற்றுச் சொல் மட்டுமே. இத்தனை சடங்கையும் கடந்து வந்தவரிடம், நீ தேடி வந்தது எங்களிடமும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். எவ்வளவு நேர்மையான முடிவு!

33 டிகிரி என்கிறார்களே?

மூன்றோடு முழு ஃப்ரீமேசன் ஆகிவிடலாம். 33 வரை போவது ஸ்காட்டிஷ் ரைட் என்ற கூடுதல் முறை, அதன் முதல் தலைமைச் சபை 1801இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் அமைந்தது. 33ஆம் டிகிரி பெரும்பாலும் நீண்ட சேவைக்காகத் தரும் கௌரவம். அதை வாங்கியவர் உலகத்தை இயக்குவதில்லை.

கூட்டம் நடக்கும் அறை எப்படி இருக்கும்?

ஜன்னல் இல்லாத அல்லது மூடிய நீள்சதுர அறை. தரையில் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள். கிழக்கில் மாஸ்டர், மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த அதிகாரிகளான இரண்டு வார்டன்கள். கரடுமுரடான கல் ஒன்று, இழைத்துச் செதுக்கிய கல் ஒன்று வைத்திருப்பார்கள்: சேரும்போது நீ முதல் கல், இரண்டாவதாக ஆவது உன் வேலை. கூட்டம் முடிந்ததும் சாப்பாடு, வாழ்த்து சொல்லி மதுக் கிண்ணத்தை மேசையில் ஓங்கி வைப்பார்கள், அதற்கென்றே அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் கிண்ணங்கள் உண்டு. பல பேருக்குச் சாப்பாடுதான் வருவதற்கே காரணம் என்று கேள்வி, அதில் தப்பும் இல்லை.

இவ்வளவும் வெளியே தெரியும் என்றால் இதில் ரகசியம் என்ன இருக்கிறது?

1730லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் மூன்று டிகிரிகளையும் லண்டனில் அச்சிட்டு விற்றுவிட்டார். அன்று முதல் படிக்க விரும்பியவர்களுக்குத் தடையே இல்லை. ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் கைகுலுக்கல், சைகை, சொல் இவைதான் முறைப்படி ரகசியம். ஆனால் படித்துவிட்டால் அனுபவித்தது போல ஆகிவிடாது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதும் மணவறையில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றா?

சைத்தானை வணங்குகிறார்களா?

இல்லை. இந்தக் கதைக்குப் பெரிய அளவில் உயிர் கொடுத்தவர் லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரர். 1885 முதல் ஃப்ரீமேசன்கள் பிசாசை வணங்குவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதினார், கத்தோலிக்க உலகம் நம்பி வாங்கியது. 1897 ஏப்ரலில் பாரிஸில் ஒரு கூட்டம் கூட்டி, பன்னிரண்டு வருடமாக நான் எழுதியது அத்தனையும் கட்டுக்கதை என்று அவரே அறிவித்தார். அவர் வாயாலேயே மறுத்த கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அப்படியானால் கத்தோலிக்கத் திருச்சபை ஏன் எதிர்க்கிறது?

அந்த எதிர்ப்பு டாக்சிலுக்கு ரொம்ப முந்தியது. 1738இல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் தடை விதித்தார். எல்லா மதத்தவரும் ஒன்றாக உட்காருவதும், ரகசியத்தை உறுதிமொழியால் பூட்டுவதும் அவருக்குப் பிரச்சினை. 1983இல் வத்திக்கான் அந்தத் தடை தொடர்கிறது என்று மீண்டும் அறிவித்தது. அது இறையியல் கருத்து வேறுபாடு, அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பிசாசுக் கதையோடு அதைக் குழப்பக் கூடாது.

இலுமினாட்டியும் இவர்களும் ஒன்றா?

இல்லை. இலுமினாட்டி என்பது 1776 மே 1 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய தனிக் குழு. ஃப்ரீமேசன் லாட்ஜ்களிலிருந்து ஆள் பிடித்தார்கள் என்பது உண்மை. 1785க்குள் பவேரிய அரசு தடை போட்டு ஒடுக்கிவிட்டது. அதோடு சரி.

எல்லோரும் சமம் என்கிறார்களே, பெண்களைச் சேர்ப்பார்களா?

மட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆண்டர்சனின் 1723 சட்டநூலே அடிமைகளையும் பெண்களையும் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்தது. இங்கிலாந்து வழி கிராண்ட் லாட்ஜ்கள் இன்றும் ஆண்களுக்கு மட்டுமே. 1893இல் பிரான்சில் மரியா தெரெஸ்ம் ஆண் பெண் இருவருக்குமான கிளையைத் தொடங்க, 1902இல் அன்னி பெசன்ட் அதில் சேர்ந்தார். அந்தக் கிளை அவர் வழியாக அடையாறு வரை வந்தது. பெண்கள் மட்டுமே நடத்தும் கிராண்ட் லாட்ஜ்களும் இங்கிலாந்தில் உள்ளன.

நிறம், இனம் விஷயத்தில்?

இன்னும் மோசம். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற சுதந்திரக் கறுப்பரும் வேறு 14 பேரும் 1775இல் ஓர் ஐரிஷ் ராணுவ லாட்ஜ் மூலம் ஃப்ரீமேசன் ஆனார்கள். வெள்ளை அமெரிக்க லாட்ஜ்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் லண்டனுக்கு எழுதி 1784இல் சொந்த லாட்ஜுக்கு அனுமதி வாங்கினார். அந்த மரபை முதலில் அங்கீகரித்த வெள்ளை அமெரிக்க கிராண்ட் லாட்ஜ் கனெக்டிகட், ஆண்டு 1989. இருநூறு வருடத்துக்கு மேல்! அத்தனை காலமும் ஒவ்வொரு புதியவர் கையிலும் மட்டத்தைக் கொடுத்து, மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கல்கத்தாவிலும் இதே கதை. இந்துக்களுக்குப் பல கடவுள்கள், ஆகவே சேர்க்க முடியாது என்று சொன்னார்கள். பிரசன்ன குமார் தத் என்பவர் பல வருடம் விடாமல் போராடி 1872இல் உள்ளே போனார். சடங்கு சொன்னதைச் சங்கத்துக்கு நினைவுபடுத்தியவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இவர்கள் உண்டா?

ரொம்ப நாளாகவே. கல்கத்தாவில் 1730 வாக்கில் தொடங்கியது, மதராஸில் 1752இல் முதல் லாட்ஜ். இந்தியர்களில் முதலில் சேர்ந்தவராகச் சொல்லப்படுபவர் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா. 1770களில் திருச்சிராப்பள்ளியில் அவருக்குச் சடங்கு நடந்தது, லண்டன் கிராண்ட் லாட்ஜ் வேலைப்பாடு மிகுந்த ஏப்ரன் ஒன்றையும் சட்டநூலையும் பரிசாக அனுப்பியது. தத் வாசலில் காத்துக்கிடந்ததற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பு நடந்தது இது. நவாப் குடும்பம் என்றால் கதவு சீக்கிரம் திறந்திருக்கிறது.

எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கும் ஃப்ரீமேசன் மண்டபம் 1920களில் கட்டியது. இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று உருவானது. இந்திய லாட்ஜ்களின் மேடையில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப் போன்ற வேதநூல்களை அருகருகே திறந்து வைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இந்தியக் கிளை தாய்ச் சங்கத்தைவிட முன்னே போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

லண்டனில் கிரேட் குவீன் தெருவில் இருக்கும் தலைமையகத்தைப் பார்க்கலாம், அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. முதல் உலகப் போரில் இறந்த உறுப்பினர்கள் நினைவாக 1927 முதல் 1933 வரை கட்டியது அது. நம் ஊரில் விசாரித்துப் பாருங்கள், சில இடங்களில் மண்டபத்தைக் காட்டுகிறார்கள்.

இலுமினாட்டியில் சேர்ந்தால் கோடி கோடியாகப் பணம், கார், வீடு தருவோம் என்று மெசேஜ் வருகிறதே?

மோசடி. பதில் போடாதீர்கள், பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஆதார் விவரத்தைக் கொடுக்காதீர்கள். ஃப்ரீமேசன் பெயரிலும் இதே மெசேஜ் வரும். முன்பின் தெரியாத ஆட்களுக்கு மெசேஜ் அனுப்பி உண்மையான லாட்ஜ் ஆள் பிடிக்காது. சேர விரும்புபவர் தானாகப் போய்க் கேட்க வேண்டும், உறுப்பினர்கள் நேரில் பார்த்துப் பேசுவார்கள், வாக்கெடுப்பு நடக்கும், அதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அங்கே பணம் தர மாட்டார்கள், வருடச் சந்தா நாம்தான் கட்ட வேண்டும். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.